குலதெய்வம் தெரியலையா? முதல்ல பழைய பத்திரத்தை எடுங்க



நம்ம வட்டத்துல மாசம் ரெண்டு தடவையாவது வர்ற கேள்வி இது: "எங்க குலதெய்வம் எதுன்னே தெரியலை, என்ன பண்றது?" பதிலும் உடனே வந்துடும். ஒருத்தர் பிரசன்னம் பாருங்கம்பார். இன்னொருத்தர் திருச்செந்தூர் முருகனையே குலதெய்வமா ஏத்துக்கோங்கம்பார். முருகனை ஏத்துக்கிறதுல யாருக்கு ஆட்சேபணை? ஆனா குலதெய்வம்ங்கிறது நம்ம பாட்டன், பூட்டன் ஒரு ஊர்ல வாழ்ந்ததோட அடையாளம். ஊர் தெரிஞ்சா கோயில் தெரியும். ஊரைத் தெரிஞ்சுக்க சோழி உருட்ட வேண்டியதில்லை, காகிதம் இருக்கு. அது எங்கே இருக்கு, எப்படிப் படிக்கணும்ங்கிறதுதான் இன்னைக்குப் பாடம்.

எனக்கு இந்தத் தேடல் ஒரு தை அமாவாசையில ஆரம்பிச்சது. மயிலாப்பூர் தெப்பக்குளத்துல தர்ப்பணம் பண்ணி வைக்கிறவர் மூணு தலைமுறைப் பேரைக் கேட்டார். அப்பா, தாத்தா சொல்லியாச்சு. மூணாவது பேர் வரலை. பக்கத்துல உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கும் வரலை. பேர் தெரியாதவங்களுக்குச் சொல்ல ஒரு பொது வழி சாஸ்திரத்துலயே இருக்கு, அதைச் சொல்லி முடிச்சுட்டோம். ஆனா வெறும் நூறு வருஷத்துக்கு முந்தி இருந்த ஒரு மனுஷரோட பேர் வீட்ல யாருக்குமே தெரியலைங்கிறது மனசுல நின்னுடுச்சு.

ஆபீஸ் முடிஞ்சு வந்து முதல்ல எல்லாரையும் போல வெளிநாட்டு வம்சாவளி வலைத்தளங்கள்லதான் தேடினேன். அங்கே 'குடும்பப் பெயர்'னு ஒரு கட்டம் வரும். நமக்கு அது எங்கே இருக்கு? அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல். அடுத்த தலைமுறையில அந்த எழுத்தும் மாறிடும். இன்னொரு சிக்கல், பேரன்ங்கிற சொல்லே 'பெயரன்'ல இருந்து வந்தது. தாத்தா பேரை வைக்கிற வழக்கத்தால முருகேசன் மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் முருகேசன், மறுபடியும் முருகேசன் மகன் கந்தசாமின்னு சங்கிலி போய்க்கிட்டே இருக்கும். ஒரு ஆவணத்துல 'முருகேசன் குமாரர் கந்தசாமி'ன்னு பார்த்தா அது எந்தக் கந்தசாமின்னு வருஷத்தை வெச்சுத்தான் பிரிக்கணும்.

டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரே வரியில சொல்லிடலாம்: நம்ம ஊர்ல பேர் பிரைமரி கீ கிடையாது. பேர், அப்பா பேர், ஊர், தாலுகா, இந்த நாலும் சேர்ந்தாத்தான் ஒரு ஆள்.

இங்கிலாந்துல இருக்கிறவங்க 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளை 2022-லிருந்து வீடு வீடா திறந்து படிக்கிறாங்க. நம்ம நாட்ல 1871-லிருந்து கணக்கெடுப்பு நடக்குது, ஆனா வீட்டுவாரித் தாள்களை வெச்சுக்கலை. மொத்த எண்ணிக்கைகள் மட்டும்தான் புத்தகமா நிக்குது. அதனால அந்த வழி நமக்கு அடைப்பு. இங்கே ஒரு வேற கேள்வியோட தேடணும்: இந்த மனுஷனோட பேரை எழுதி வைக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது? வரி வாங்குறவனுக்கா, சொத்தைப் பிரிக்கிறவங்களுக்கா, கல்யாணத்துக்குச் செய்முறை செய்யறவங்களுக்கா, கூலிக்குக் கப்பல் ஏத்துறவனுக்கா? நம்ம வம்சத்தைக் காப்பாத்தணும்னு ஒருத்தரும் எழுதலை. அவங்கவங்க வேலைக்கு எழுதினாங்க, அதுல நம்ம ஆள் மாட்டிக்கிட்டு இருக்கார்.

2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் வந்தப்போ ஞாபகம் இருக்கா? அப்பா அம்மா பேர் 2002, 2005 பட்டியல்ல எந்த பாகத்துல, எந்த வரிசை எண்ல இருக்குன்னு தமிழ்நாடே ராத்திரி முழுக்கத் தேடிச்சு. அந்த ஒரு மாசம் நாம எல்லாருமே வம்சாவளி ஆராய்ச்சியாளர்கள்தான். அப்போ தேடி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சுடாதீங்க. இருபது வருஷத்துக்கு முந்தி உங்க குடும்பம் எந்தத் தெருவுல, யார் யாரோட ஒரே கதவு எண்ல இருந்ததுன்னு அதுல இருக்கு.

இனி வீட்டுக்குள்ள வருவோம். பரண்ல இருக்கிற டிரங்குப் பெட்டிதான் முதல் ஆவணக் காப்பகம். பழைய ஜாதகத்துல 'இன்னார் பௌத்திரன், இன்னார் புத்திரன்'னு இருக்கும். கல்யாணப் பத்திரிகையில தாத்தா பேரும் ஊர்ப் பேரும் இருக்கும். கருமாதிப் பத்திரிகையையும் தூக்கிப் போடாதீங்க, அதுல பங்காளிகள் பேர் வரிசையா அச்சாகியிருக்கும். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், பழைய ரேஷன் கார்டு எல்லாமே வேணும். இதை எடுத்தவுடனே லேமினேட் பண்ணிடாதீங்க. பழைய காகிதத்தைச் சூடு பண்ணிப் பிளாஸ்டிக்ல அடைச்சா திரும்பப் பிரிக்க முடியாது. ரெண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து, வெறும் காகித உறையில போட்டு வைங்க.

எல்லாத்தையும் விட நான் மதிக்கிறது மொய் நோட்டு. யாரும் அதை வம்சாவளி ஆவணமா நினைக்கிறதில்லை. ஆனா பாருங்க, அதுல ஊர் வாரியா பேர் இருக்கும், அப்பா பேரோட இருக்கும், தொகை இருக்கும். தாய்மாமன் மொய் முதல்ல வரும், அப்புறம் பங்காளி, சம்பந்தி வகையறா, கடைசியில ஊரார். அந்த வரிசையே ஒரு உறவுமுறை வரைபடம். ஒரே ஊர்ல இருந்து பதினஞ்சு பேர் மொய் எழுதியிருந்தா, அந்த ஊருக்கும் உங்களுக்கும் ஏதோ இருக்கு. நாலு தலைமுறையா சென்னையில இருக்கிற குடும்பத்துக்குக்கூட, சொந்த ஊர் எதுன்னு மொய் நோட்டு காட்டிக் கொடுத்துடும்.

பெரியவங்ககிட்ட பேசறதுக்கும் ஒரு முறை இருக்கு. "உங்க தாத்தா பேர் என்ன?"ன்னு கேட்டா "ஐயான்னுதான் கூப்பிடுவோம்"னு முடிச்சுடுவாங்க. "உங்களுக்கு முதல் மொட்டை எங்கே போட்டாங்க, யார் மடியில உட்கார்ந்து காது குத்தினாங்க?"ன்னு கேளுங்க. மொட்டை போட்ட இடம் பெரும்பாலும் குலதெய்வக் கோயில், மடி தாய்மாமன் மடி. "எந்த ஸ்டேஷன்ல இறங்கி மாட்டு வண்டி ஏறினீங்க?"ன்னு கேளுங்க. ஊர்ப் பேர் மறந்தவங்களுக்கும் ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். போனை நடுவுல வெச்சு ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க. எழும்பூர்ல இருக்கிற காகிதம் அடுத்த வருஷமும் இருக்கும், உங்க அத்தைப் பாட்டி இருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

அடுத்து நிலம். உங்க குடும்பத்துக்கு எங்கேயாவது ஒரு சென்ட் நிலமோ ஓட்டு வீடோ இருந்திருந்தா, பதிவுத்துறைதான் உங்க அடுத்த நண்பன். இப்போ இருக்கிற பத்திரத்தைப் படிங்க, அதுல 'மூலப் பத்திரம்'னு பழைய எண்ணும் வருஷமும் இருக்கும். அதை எடுத்தா அதுக்கு முந்தினது. ஏணி மாதிரி இறங்கிப் போகலாம். பல சார்பதிவாளர் அலுவலகங்களோட வில்லங்க விவரம் 1975 முதல் பதிவுத்துறை வலைத்தளத்துலயே பார்க்கலாம். அதுக்கு முந்தினதுக்கு நேர்ல போய் மனு கொடுக்கணும். 1908 பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்களோட நகல் இருக்கிற முதல் புத்தகத்தையும் அதோட அட்டவணைகளையும் யார் வேணும்னாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அட்டவணையில ஒண்ணு ஆள் பேர் வாரியா, இன்னொண்ணு சொத்து வாரியா இருக்கும். உயில் பதிஞ்ச மூணாம் புத்தகத்துக்கு அந்த உரிமை கிடையாது.

பத்திரங்கள்லயே தங்கச் சுரங்கம் எதுன்னா பாகப்பிரிவினைப் பத்திரம். விற்பனைப் பத்திரத்துல ஒரு ஆளும் அப்பா பேரும்தான். பாகப்பிரிவினையில அண்ணன் தம்பி எல்லாரும், செத்துப்போன அண்ணனோட மைனர் பிள்ளைகளும், அவங்களுக்குக் கார்டியனா கையெழுத்துப் போடற ஆளும் வருவாங்க. எங்க குடும்பம் வந்தவாசிப் பக்கம். 1938 பாகப்பிரிவினைப் பத்திரம் ஒண்ணு பெரியப்பா வீட்ல துணி மூட்டைக்குள்ள இருந்தது. அதோட முதல் வரியிலேயே நான் தேடின மூணாவது பேர் இருந்தது. அதுக்கு மேல ஒரு நாலாவது பேரும்.

குலதெய்வம் தேடறவங்க இந்த இடத்தைக் கவனிங்க. பத்திரத்தோட கடைசியில சொத்து விவரம் வரும்போது நாலு எல்லை சொல்லுவாங்க, பழைய பத்திரத்துல 'செக்குபந்தி'ன்னு இருக்கும். இன்னார் நஞ்சைக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன அம்மன் கோயில் மானியத்துக்குக் கிழக்குன்னு போகும். எல்லாரும் பேரை மட்டும் படிச்சுட்டு இதைத் தாண்டிடுவாங்க. எங்க பத்திரத்துல வடக்கு எல்லை ஒரு கோயில் மானியம். ஊருக்குப் போய் அந்தக் கோயில் பேரைச் சொன்னதும், டீக்கடையில இருந்த பெரியவர் எங்க பங்காளிகள் வகையறா பேரைச் சொல்லி "நீ அவங்க வீட்டுப் பிள்ளையா?"ன்னு கேட்டார். எந்தப் பிரசன்னமும் இவ்வளவு தெளிவா சொல்லியிருக்காது.

சர்வே எண் மாறியிருக்கும், பயப்படாதீங்க. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்துல பட்டா எல்லாம் புதுப்பிக்கப்பட்டுச்சு. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கிராமத்து 'அ' பதிவேட்டுலயும் தாலுகா ஆபீஸ்லயும் பார்க்கலாம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு 1980-ல ஒழிச்சு, கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டு வந்தது. அதுக்கு முந்தின கிராமக் கணக்கு விஷயமெல்லாம் பழைய கர்ணம் வீட்டுக்காரங்களுக்கு மனப்பாடமா இருக்கும், அவங்களையும் ஒரு தடவை போய்ப் பாருங்க.

மாவட்டப் பேரும் உங்களைக் குழப்பும். திருவண்ணாமலை மாவட்டம் 1989-ல வந்தது, அதுக்கு முந்தி வடஆற்காடு. 1911-க்கு முந்தி சித்தூரும் வடஆற்காட்டுக்குள்ள. நம்ம சென்னைக்காரங்களுக்கு இன்னும் வேடிக்கை. இன்னைக்கு நாம 'சிட்டி'ன்னு சொல்ற அடையாறு, வேளச்சேரி பக்கமெல்லாம் பழைய ஆவணத்துல செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. தி.நகர்ங்கிற பேரே 1920-களுக்கு முந்தின காகிதத்துல இருக்காது, அங்கே இருந்தது பெரிய ஏரி. மாம்பலம்னு தேடணும். பாண்டி பஜார்ல நடக்கும்போது ஏரிக்குள்ள நடக்கிறோம்னு நினைச்சுக்கோங்க, மழைக்காலத்துல நினைக்கவே வேண்டாம்.

1860-க்கு முந்திப் போகணும்னா எழும்பூர். காந்தி இர்வின் சாலையில இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-லிருந்து அந்தச் செங்கல் கட்டடத்துல இருக்கு, உள்ளே 1670 முதலான கம்பெனி காலத்துக் காகிதங்கள். அங்கே போய் "எங்க தாத்தா பேர் இருக்கா?"ன்னு கேட்டா பிரயோஜனமில்லை. அனுமதி மனுவுல ஜில்லா, தாலுகா, கிராமம், எந்த வகைப் பதிவேடுன்னு குறிப்பாக் கேட்கணும். பாட்டன் யாராவது இனாம் நிலம் அனுபவிச்சவரா இருந்தா, 1858-ல ஏற்பட்ட இனாம் கமிஷனோட பதிவேடு ரொம்ப உபயோகம். கோயிலுக்கு மாலை கட்டினவர், நாதஸ்வரம் வாசிச்சவர், ஊர்ப் பரியாரி, வெட்டியான்னு மானியம் வெச்சிருந்த எல்லாரையும் நிக்க வெச்சு, 'இது உனக்கு எப்படி வந்தது, யார் கொடுத்தது?'ன்னு கேட்டு எழுதியிருக்காங்க.

செங்கல்பட்டுப் பகுதிக்காரங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தாமஸ் பர்னார்டுங்கிற ஆங்கிலேய அதிகாரி 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையில ஏறக்குறைய ரெண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில எழுதின தமிழ்க் கணக்குகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல இருக்கு. எந்த ஊர்ல எத்தனை வீடு, யார் என்ன தொழில், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு பங்குன்னு அதுல வருது. இதுல உங்க பூட்டனோட பேர் கிடைக்காது. ஆனா 1770-ல உங்க ஊர் எப்படி இருந்ததுன்னு கிடைக்கும். சென்னை கொள்கை ஆய்வு மையம் இதை வெச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்கு.

சில சமூகங்கள் இந்த வேலையைத் தாங்களே செஞ்சு வெச்சிருக்காங்க. நகரத்தார்களுக்கு ஒன்பது கோயில். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் தங்கள் கோயில்ல ஒரு 'புள்ளி'யாப் பதிவாகணும். கோயில் மாலை வந்தாத்தான் கல்யாணம். கொங்குப் பக்கம் கூட்டமும் காணிக் கோயிலும் அதே வேலையைச் செய்யுது. வடக்கே ஹரித்வார்ல பண்டாக்கள் பல தலைமுறையா யாத்திரை வந்தவங்க பேரை ஏட்டுல எழுதி வெச்சிருக்காங்க, அதுல நிறைய மைக்ரோபிலிம் எடுத்தாச்சு. குடும்பத்துல ஒரு கிளை கிறிஸ்தவமாயிருந்தா அந்த வழியையும் விடாதீங்க. மெட்ராஸ் கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயத்துப் பதிவேடு 1680-லயே ஆரம்பிக்குது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நிலம் வெச்சிருந்தவங்க, மானியம் வாங்கினவங்க கதை. நிலமே இல்லாதவங்க? பண்ணையில வேலை செஞ்சவங்க? அவங்களை யாரும் பட்டாவுல எழுதலை. அவங்க பேரை எழுத வேண்டிய தேவை ஒரே ஒரு இடத்துல வந்தது. அது கப்பல்.

1860 அக்டோபர் 12-ல மெட்ராஸ்ல இருந்து 'ட்ரூரோ'ங்கிற கப்பல் கிளம்பிச்சு. அப்போ இங்கே துறைமுகமே கிடையாது, மசூலா படகுல அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏறணும். நவம்பர் 16-ல தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன்ல இறங்கினாங்க. அன்னையிலிருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாப் போனவங்க 1,52,184 பேர், அதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் வழியாப் போனவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிர்ல பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு. கூலி ஓடிப் போயிட்டா பிடிக்கிறதுக்காக எழுதினது. அந்தக் கப்பல் பட்டியல் இன்னைக்கு இன்டர்நெட்ல தேடற மாதிரி இருக்கு.

பிஜிக்குப் போனவங்க 60,000-க்கு மேல, 1903-க்குப் பிறகு மெட்ராஸ்ல இருந்தும் போனாங்க. அவங்க குடியேற்றச் சீட்டுல நெருங்கின உறவினர் பேரும் உண்டு. மொரீஷியஸ் ஆவணங்கள் மோக்கா ஊர்ல மகாத்மா காந்தி நிறுவனத்துல இருக்கு, பலருக்குப் புகைப்படமே இருக்கு. மலேயா, இலங்கைக்குப் போனவங்களுக்கு இந்த அளவு கிடைக்காது. அங்கே கங்காணி முறைதான் பெருசு, ஆளை மொத்தமாக் கூட்டிட்டுப் போனார், தனித்தனி ஒப்பந்தம் எழுதலை.

இந்தப் பட்டியல்ல தேடும்போது கண்ணால படிக்காதீங்க, வாயால படிங்க. எழுதினவருக்குத் தமிழ் தெரியாது, காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினார். 'மூன்சாமி'ன்னா முனிசாமி. 'மூட்லி' முதலி, 'கவெண்டர்' கவுண்டர், 'படையாச்சி' படையாட்சி. 'சிங்கிள்புட்' செங்கல்பட்டு, 'டிரிச்சினாப்போலி' திருச்சி, 'வாண்டிவாஷ்' எங்க வந்தவாசி. தமிழ்க் காது இருக்கிற நமக்கு இது விளையாட்டு. டர்பன்ல நாலாம் தலைமுறையா இருக்கிறவங்களுக்கு இது பூட்டு போட்ட கதவு. அவங்க தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறாங்க, மொரீஷியஸ்ல தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையே உண்டு, ஆனா பாட்டனோட ஊர்ப் பேரைப் படிக்கத் தெரியாது.

வேலை விஷயமாப் பழக்கமான டர்பன் தோழி ஒருத்தர் ஒரு தடவை ஒரு வரியை அனுப்பி "இது எந்த ஊர்?"னு கேட்டாங்க. அவங்களோட பாட்டியோட பாட்டி. செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. ஊர்ப் பேரை நாலஞ்சு விதமா சொல்லிப் பார்த்ததும் பிடிபட்டுச்சு. நான் வாடகைக்கு இருக்கிற அடையாறு அறையிலிருந்து பைக்ல இருபது நிமிஷம். அவங்க குடும்ப விஷயம்ங்கிறதால ஊர்ப் பேரை இங்கே எழுதலை. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன். அடுக்குமாடி, மெக்கானிக் கடை, நடுவுல ஒரு பழைய அம்மன் கோயிலும் பாதி மூடின குளமும். வீடியோ கால்ல காட்டினேன். அவங்க குளத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாங்க.

ரெண்டு எச்சரிக்கை சொல்லிடறேன். முதலாவது, பேர் ஒத்துப்போச்சுன்னு உறவு கொண்டாடாதீங்க. தனித்தனியா எழுதப்பட்ட ரெண்டு ஆவணம் ஒத்துப்போனாத்தான் ஒரு கண்ணி சேரும். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் அது எங்கே கிடைச்சதுன்னு குறிச்சு வைங்க. சோழ வம்சம், பாண்டிய வம்சம்னு ஃபார்வர்டுல வர்ற மரத்தையெல்லாம் அப்படியே விட்டுடுங்க. கர்ணத்தோட கணக்குல நம்ம ஆள் அரை ஏக்கர் குத்தகைக்காரராத்தான் இருப்பார், அதுல என்ன குறைச்சல்? ரெண்டாவது, கிடைக்கிறது எல்லாம் இனிக்காது. சாதிப் பட்டம் பின்னால சேர்ந்ததாயிருக்கும், ரெண்டாவது மனைவி இருப்பாங்க, தத்து எடுத்த பிள்ளையா இருப்பார், கடனுக்கு ஆளை அடகு வெச்ச சீட்டு வரும், நம்ம பாட்டனே அடகு பிடிச்சவராவும் இருப்பார். அதை மறைக்காம எழுதி வைங்க. ஆனா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கடைசியா பாட்டிகள். தர்ப்பணத்துல அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பேரும் சொல்லணும், அம்மா பிறந்த வீட்டுப் பக்கமும் சொல்லணும். அங்கேதான் ஆவணம் கையை விரிக்குது. எங்க 1938 பத்திரத்துல ஆறு ஆம்பளைங்க பேர் இருக்கு, ஒரு பொம்பளை பேரும் இல்லை. பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல மகனுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்ல 1989-லதான் வந்தது, மத்தியச் சட்டத்துல 2005. பங்கு இல்லாதவங்க பேரை யார் எழுதுவாங்க? ஆனா அந்த டர்பன் பட்டியலைப் பாருங்க. கூலிக்குப் போன அந்த அம்மாவுக்குத் தனி எண் இருக்கு, அவங்களோட அப்பா பேர் இருக்கு, நெற்றித் தழும்பு வரைக்கும் இருக்கு. அதே வருஷத்துல கௌரவமா வீட்ல இருந்த எங்க பாட்டிமார்கள் ஒருத்தர் பேரும் எங்கேயும் இல்லை. இது எனக்கு இன்னும் ஜீரணமாகலை.

இதுக்கு ஒரு வழி காகிதத்துக்கு வெளியே கிடைச்சது. பேத்திக்குப் பாட்டி பேரை வைப்பாங்க. ஆனா மருமகள் மாமியார் பேரை வாயால சொல்லக்கூடாதுன்னு இருந்த காலம் அது. பெத்த பொண்ணையே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, திட்டவும் முடியாது. அதனால அந்தக் குழந்தைக்கு வீட்ல வேற பேர் இருக்கும்: பாப்பா, குஞ்சு, அம்மாக்கண்ணு. உங்க குடும்பத்துல சான்றிதழ்ல ஒரு பேரும் வீட்ல சம்பந்தமே இல்லாத இன்னொரு பேருமா இருக்கிற வயசான பெண்களைக் கணக்கெடுங்க. சான்றிதழ்ப் பேர் பெரும்பாலும் ஒரு பாட்டியோட பேர்.

எங்க அத்தைப் பாட்டியை ஊரே குஞ்சம்மான்னுதான் சொல்லும். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தேன், தையல்நாயகின்னு இருந்தது. "இது யார் பேர் பாட்டி?"ன்னு கேட்டேன். "எங்கப்பாவைப் பெத்தவ பேருடா கண்ணு, எங்கம்மா ஒரு நாள்கூட அந்தப் பேரை உச்சரிச்சதில்லை"ன்னாங்க. அந்தத் தையல்நாயகி எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு பெரியப்பா வீட்டு மொய் நோட்டுல இப்போ பார்த்துக்கிட்டு இருக்கேன். தாய்மாமன் வரிசையில ரெண்டு ஊர் வருது.